பன்னிரண்டு கிலோவில் ஒரு சைக்கிள்

ஆவணி மாதத்துச் சனிக்கிழமை. காலை ஐந்து நாற்பதுக்கு ஜமுனாமரத்தூரிலிருந்து கிளம்பும் திருவண்ணாமலை பேருந்தில் ஏறி உட்கார்ந்தபோது என் பையில் பன்னிரண்டாயிரம் ரூபாய் இருந்தது. புளி வியாபாரி முனுசாமியிடம் இரவல் வாங்கிய கொக்கித் தராசு ஒன்று இருந்தது. கையெழுத்துப் போடாத ஒரு கடிதமும் இருந்தது. அந்தப் பேருந்தில் வருகிற மற்றவர்கள் தேங்காய், கற்பூரம் எடுத்துக்கொண்டு சாமி பார்க்கப் போகிறவர்கள். நான் சைக்கிள் வாங்கப் போனேன்.

கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு ஊரைச் சுற்றலாம். ஜவ்வாது மலையில் மேல்மூங்கிலூர் என்று ஒரு சிற்றூர். அங்கே ஓர் அறக்கட்டளை நடத்தும் தொடக்கப் பள்ளியில் நான் பதினோரு வருடமாக டீச்சர். சம்பளமும் பதினோராயிரம்தான். குடியிருப்பது ஜமுனாமரத்தூரில், மகள் அங்கே ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். கணவருக்கு ஓசூரில் கம்பெனி வேலை, மாதத்துக்கு இரண்டு முறை வருவார். வீட்டிலிருந்து பள்ளி ஆறரை கிலோமீட்டர். வழியில் இரண்டு ஏற்றங்கள். முதலாவது நீளமானது, இரண்டாவது குட்டையானது. ஆனால் அந்தக் குட்டைதான் நெஞ்சைப் பிடிக்கும். காலையில் அந்தப் பக்கம் பேருந்து கிடையாது. இத்தனை வருடமும் கலைவாணி டீச்சரின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தே காலத்தை ஓட்டிவிட்டேன். ஆனி மாதம் கலைவாணிக்கு அரசு வேலை கிடைத்து, அவர் மலையை விட்டுக் கீழே போய்விட்டார். வாழ்த்திவிட்டு வந்து வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

நடந்து பார்த்தேன். ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகிறது. பள்ளி எட்டே முக்காலுக்கு. விடியற்காலையில் அந்தப் பாதையில் கரடி நடமாட்டம் இருப்பதால் ஏழேகாலுக்கு முன்னால் யாரும் தனியாகப் போகமாட்டார்கள். ஆக, எப்படிக் கணக்குப் போட்டாலும் தாமதம்தான். பள்ளி நிர்வாகி கோபக்காரர் அல்ல. ஒரு கடிதத்தை அவரே தட்டச்சு செய்து கொடுத்தார். போளூரில் இருக்கும் எங்கள் இன்னொரு பள்ளிக்கு மாறிப்போகச் சம்மதம் என்று நான் எழுதியதுபோல் அதில் இருந்தது. “நேரத்துக்கு வர வழி இருந்தா கிழிச்சிப் போட்டுடுங்க டீச்சர். இல்லன்னா திங்கக்கெழமை கையெழுத்துப் போட்டுக் குடுங்க” என்றார். நான் போனால் ஐந்து வகுப்புக்கும் தலைமை ஆசிரியர் ஒருவர்தான் மிச்சம்.

ஏன், நீயே ஒரு ஸ்கூட்டர் வாங்கி ஓட்டேன் என்று கேட்பீர்கள். ஓட்டினேன். ஆக்ஸிலேட்டரைத் திருகிய கைக்கு அதைத் திருப்பி விடவும் வேண்டும் என்பது மறந்துபோகும். பள்ளிக் காம்பவுண்டுச் சுவரில் மோதி மணிக்கட்டு உடைந்தது. அதிலிருந்து இன்ஜின் சத்தம் காலுக்கடியில் கேட்டாலே எனக்குக் கை மரத்துப்போகிறது. சைக்கிள் தெரியும். பதினொன்றாம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்த விலையில்லா சைக்கிள் கீழ்பென்னாத்தூரில் அம்மா வீட்டில் கிடந்தது. அதை மேலே கொண்டுவந்து முனுசாமியின் தராசில் மாட்டிப் பார்த்தேன். இருபது கிலோ எண்ணூறு கிராம். ஏற்றத்தில் நான் அதை ஓட்டவில்லை, வீம்பு பிடித்த மாட்டைப் போல இழுத்துக்கொண்டு போனேன்.

ஒரு வாரம் செல்போனில் சைக்கிள் பற்றிய வீடியோக்களாகப் பார்த்தேன். மேட்டில் ஏற எடை கம்மியாக இருக்க வேண்டும், பதின்மூன்று கிலோவைத் தாண்டக் கூடாது. கியர் வேண்டும். டயர் ரொம்பப் பருமனாக இருக்கக் கூடாது. இந்த மூன்றையும் நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிள்ளைகளிடம் வாயை வேறு விட்டுவிட்டேன். திங்கட்கிழமை டீச்சர் சைக்கிளில் வருவேன் என்று.

காலை 6.30. மலைப்பாதை இறக்கம். பேருந்தில் பாதி இருக்கைகள் காலி. நடத்துநர் டிக்கெட் கொடுத்துவிட்டு என் பக்கத்து இருக்கையில் சாய்ந்து நின்றார். திரும்பும்போது சைக்கிள் ஏற்ற முடியுமா என்று கேட்டேன்.

“டாப்புல கேரியர் இல்லீங்க டீச்சர், இப்ப வர்ற வண்டியில எல்லாம் எடுத்துட்டாங்க. முன்சக்கரத்தக் கழட்டிட்டீங்கன்னா கடைசி சீட்டு பின்னாடி சாய்ச்சி வச்சிக்கலாம். தூக்கிடுவீங்களா?”

“பன்னெண்டு, பதிமூணு கிலோதான் இருக்கும்.”

“அவ்ளோ கம்மியாவா சைக்கிளு இருக்கு?” அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நீங்களே அவ்ளோதான் இருப்பீங்கபோல.”

பேருந்தே சிரித்தது. நானும் சிரித்தேன். நான்கு அடி பத்து அங்குலம் உயரம் உள்ளவளுக்கு இதெல்லாம் பழக்கம். கரும்பலகையின் மேல்பாதியில் எழுத எனக்கு ஒரு முக்காலி உண்டு.

காலை 8.50. ஏறத்தாழ எழுபத்தைந்து கிலோமீட்டர். போளூரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் வந்ததுமே மலை தெரிய ஆரம்பித்து, பிறகு கண்ணை விட்டுப் போகவே இல்லை. பேருந்து நிலையத்தில் சேகர் மாமா காத்திருந்தார். என் அக்கா கணவர், ஒரு லாட்ஜில் மேனேஜர். தங்கமான மனுஷன். காலண்டரைப் பார்க்காமல் தும்மக்கூட மாட்டார்.

“சனிக்கிழமையாச்சே செல்வி. இரும்பு வாங்கக் கூடாதேம்மா” என்றார், நலம் விசாரிப்பதற்கு முன்பே.

“இரும்பு இல்ல மாமா. அலுமினியம்.”

“அலுமினியத்துல சைக்கிளா? குண்டான்தான செய்வாங்க.”

“வெயிட் கம்மியா இருக்கும் மாமா. நான் தேடி வந்ததே அதான்.”

அவர் யோசித்தார். சனீஸ்வரருக்கும் அலுமினியத்துக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா என்று மனசுக்குள் புரட்டிப் பார்த்திருப்பார். “அப்ப தோஷமில்ல. ஆனா ஒம்போதுலேர்ந்து பத்தரை ராகு காலம். டிபன் சாப்ட்டுட்டுப் போலாம், கடையும் அப்பத்தான் தெறப்பான்.”

இரண்டு இட்லி, ஒரு வடை, காபி. ஒன்றரை மணி நேரம் ஒரு வடையைச் சாப்பிடுவது எப்படி என்று அன்றைக்குக் கற்றுக்கொண்டேன்.

காலை 10.35. தேரடி வீதியில் முதல் கடை. மலையில் ஓட்ட வேண்டும் என்று நான் வாயெடுத்ததுமே கடைக்காரர் உள்ளேயிருந்து ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தார். தொடை பருமனுக்கு டயர், முன்னால் ஒரு ஸ்பிரிங், சீட்டுக்கு அடியில் ஒரு ஸ்பிரிங். விலை ஒன்பதாயிரத்து எண்ணூறு.

“மலைக்குன்னா மலை சைக்கிள்தான் மேடம். பேரே அதான்.”

“இது இரும்பா?” என்றார் மாமா.

“அலாய் சார். ஃபுல் அலாய்.”

நான் தராசை வெளியே எடுத்தேன். கடைப் பையன்கள் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். சைக்கிளை நிறுத்து வாங்க வந்தவளை அவர்கள் பார்த்ததில்லை. மாமா ஒரு பக்கம், கடைக்காரர் ஒரு பக்கம் தராசின் பிடியைத் தூக்க, நான் சைக்கிளின் குறுக்குக் கம்பியில் கொக்கியை மாட்டினேன். பதினெட்டு கிலோ நானூறு. அதற்குள் மாமா தன் லாட்ஜ் சாவிக்கொத்தில் தொங்கிய சின்னக் காந்தத்தை எடுத்து வண்டியில் வைத்தார். டக்கென்று ஒட்டிக்கொண்டது.

“சனிக்கிழமையும் அதுவுமா, பொய் வேற” என்று முணுமுணுத்துக்கொண்டே செருப்பை மாட்டினார் மாமா.

அடுத்த கடை நாலு கட்டிடம் தள்ளி. முன்னால் கூடை வைத்த பெண்கள் சைக்கிள், ஏழாயிரத்து நானூறு. பதினாறு கிலோ தொள்ளாயிரம், கியர் இல்லை, காந்தம் ஒட்டியது. “மேடுன்னா எறங்கித் தள்ள வேண்டியதுதான் மேடம், எல்லாரும் அப்டித்தான போறாங்க” என்றார் அந்தக் கடைக்காரர். பேட்டரி சைக்கிள் ஒன்றும் காட்டினார். முப்பத்து நாலாயிரம், இருபத்து மூன்று கிலோ. எங்கள் மலையில் மழைக்காலத்தில் கரண்ட் எப்போது வரும் என்று அதற்கு யார் சொல்வது? நோட்டில் குறித்துவைத்த மூன்று சைக்கிளையும் அடித்தேன். அந்த வெயிலில் தேரடி வீதியில் நின்றபோது போளூர் பள்ளியின் பச்சைக் கதவு என் கண் முன்னால் வந்துவிட்டது.

மாமாதான் சொன்னார். “செங்கம் ரோட்ல என் ஃப்ரெண்டு பாஸ்கரு சைக்கிள் வாடகைக்கு விடறான். வெள்ளக்காரங்க போகும்போது அவன்கிட்டதான் வித்துட்டுப் போவாங்க. பாத்துட்டு வந்துடலாம் வா.”

காலை 11.15. செங்கம் சாலையில் ஆசிரமங்களை ஒட்டிய ஒரு சந்தில் அந்தக் கடை. தகரக் கூரைக்கு அடியில் இருபது சைக்கிள்கள். ஒரு நாள் வாடகை நூறு ரூபாய். கடைசியில் சுவரோரமாகச் சாம்பல் நிறத்தில் ஒன்று நின்றது. ஆறு மாதம் தங்கியிருந்த ஒருவர் விட்டுவிட்டுப் போனதாம். மெல்லிய டயர். முன்னால் மூன்று, பின்னால் ஏழு கியர். பதினோராயிரத்து ஐநூறு.

தராசில் மாட்டினோம். முள் பன்னிரண்டைத் தாண்டி ஒரு நூல் போய் நின்றுவிட்டது. பன்னிரண்டு கிலோ நூறு கிராம். எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு மாதத்தில் முதல்முறையாகச் சத்தம் போட்டுச் சிரித்தேன். மாமா காந்தத்தை அங்கங்கே வைத்து வைத்துப் பார்த்தார். வைத்த இடத்திலெல்லாம் வழுக்கி விழுந்தது.

“இது குண்டான்தான்” என்று அவரும் ஒப்புக்கொண்டார்.

நான் அன்றைக்குச் செய்த தப்பை இங்கே எழுதிவிட வேண்டும். சீட்டை அடி வரைக்கும் இறக்கச் சொன்னேன். பாஸ்கர் இறக்கினார். கடை வாசற்படியில் ஒரு காலை வைத்து ஏறினேன். மறு கால் தரையைத் தொடவில்லை. தொடவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. ஆசை கண்ணை மறைத்துவிட்டது. எடை, கியர், டயர் என்று மூன்றுதானே நோட்டில் எழுதியிருந்தேன். என் காலை நான் நோட்டில் எழுதவே இல்லை.

“ஓட்டிப் பாத்துட்டு வாங்க மேடம், பணம் அப்புறம் வாங்கிக்கறேன்” என்றார் பாஸ்கர். ஏதோ சொல்ல வந்தவர் போல வாயைத் திறந்தார், பிறகு மூடிக்கொண்டார்.

11.30. எங்கே ஓட்டிப் பார்ப்பது? மாமாவுக்கு அதில் சந்தேகமே இல்லை. “மலைய ஒரு சுத்து சுத்திட்டு வா. புது வண்டிக்கு அதவிட என்னா வேணும்? நான் பின்னாடியே மொபெட்ல வர்றேன்.”

போகாதவர்களுக்காகச் சொல்கிறேன். மலையைச் சுற்றிப் பதினான்கு கிலோமீட்டர் சாலை. மலை எப்போதும் வலக் கைப்பக்கம். பாதியில் திரும்பி எதிர்ப்பக்கமாக வரும் பழக்கம் இல்லை; தொடங்கினால் முடிக்க வேண்டும். புளியமரம், வேப்பமரம், சாமியார்கள், குரங்குகள், இளநீர் வண்டிகள். பௌர்ணமி இல்லாத நாள் என்பதால் சாலை காலியாகக் கிடந்தது. கியரை மாற்றினேன். ஒரு மிதிக்கு இத்தனை தூரம் போகும் சைக்கிளில் நான் வாழ்நாளில் உட்கார்ந்ததில்லை. காற்று துப்பட்டாவைப் பின்னால் இழுத்தது. முப்பத்தெட்டு வயது என்பது அடி அண்ணாமலை வரும்வரைக்கும் எனக்கு ஞாபகம் இல்லை.

அடி அண்ணாமலையில் ஒரு மோர்க் கடையில் நின்றேன். சாலையோரம் நெடுக நடப்பவர்களுக்காக உயரமாகக் கட்டிய நடைபாதை இருக்கிறது. அதில் காலை ஊன்றிக்கொண்டு சீட்டில் இருந்தபடியே மோர் வாங்கினேன். பத்து ரூபாய்.

“சைக்கிள்ல சுத்தறியாம்மா? வேண்டுதலா?” என்றார் கடைக்கார அம்மா.

“இல்லீங்க. மேட்டுல ஏறுமான்னு பாக்கறேன்.”

அவர் சாலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். “இங்க ஏதும்மா மேடு?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வலக் கைப்பக்கம் இவ்வளவு பெரிய மலை நிற்கிறது, நான் அதைச் சுற்றிச் சமதரையில் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். மேடு ஏறுமா என்று பார்க்க வந்தவள் மேடே இல்லாத சாலையில் பாதி தூரம் வந்துவிட்டேன். திரும்பவும் கூடாது. மீதி ஏழு கிலோமீட்டரையும் முடித்தேன். நின்ற இடத்திலெல்லாம் காலுக்கு ஒரு நடைபாதையோ, ஒரு லிங்கக் கோயிலின் படிக்கட்டோ கிடைத்தது. ஒரு இடத்தில்கூட என் கால் தரையைத் தேடவில்லை.

மதியம் 12.40. ராஜகோபுரத்துக்கு எதிரே மாமா என்னை நிறுத்தினார். நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் சந்தனம், குங்குமம், முப்பது ரூபாய் மல்லிகைச் சரம், இரண்டு எலுமிச்சம்பழம், கற்பூரம் எல்லாம் வாங்கியாகிவிட்டது. ஹேண்டிலுக்குப் பொட்டு, சக்கரத்துக்குப் பொட்டு, மணிக்குக்கூடப் பொட்டு. கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கடியில் வைத்து, “ஏறி மிதிம்மா” என்றார்.

“மாமா, இன்னும் மேட்டுல ஏத்திப் பாக்கலையே.”

“மலையையே சுத்திட்டு வந்துட்ட. இன்னும் என்னா மேடு?”

அவருக்கு அவ்வளவு சந்தோஷம். நான் ஏறி மிதித்தேன். பழம் நசுங்கியது. பூ மணத்தோடு அந்தச் சைக்கிள் என்னுடையதாகிவிட்டது போலவே இருந்தது.

1.05. ஊருக்குள் மேடு என்றால் ரயில்வே மேம்பாலம்தான். ஒன்றரைக்கு எமகண்டம் ஆரம்பம், அதற்குள் ஏறி இறங்கிவிடு என்று மாமா விரட்டினார். அடியில் கியரைக் கம்மி பண்ணினேன். சைக்கிள் ஏறியது. உண்மையாகவே ஏறியது. மூச்சு வாங்கியது, ஆனால் இறங்கித் தள்ளும் அளவுக்கு இல்லை. பாதிப் பாலம் வந்ததும் மனசுக்குள் நான் எங்கள் குட்டை ஏற்றத்தின் வளைவில் இருந்தேன். அங்கே இருக்கும் பலா மரம்கூடத் தெரிந்தது. கடிதத்தைக் கிழித்து எங்கே போடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

முன்னால் போன ஷேர் ஆட்டோ ஆள் ஏற்றுவதற்காகப் பாலத்தின் மேலேயே நின்றது. பிரேக் பிடித்தேன். சைக்கிள் நின்றது. கால் தரையைத் தேடியது. தரை கிடைக்கவில்லை.

முழங்கையும் முழங்காலும் தேய்ந்தன. பெரிய அடி இல்லை. மாமா மொபெட்டைக் குறுக்கே நிறுத்தி இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு வண்டிகளை மறித்தார். பின்னால் ஹாரன் சத்தம். நான் எழுந்து, சைக்கிளை நிமிர்த்தி, அதே சரிவில் ஏறப் பார்த்தேன். குறுக்குக் கம்பி என் இடுப்புக்கு வந்தது. ஒரு காலைத் தூக்கிப் போட்டுப் பெடலை மிதிப்பதற்குள் சைக்கிள் பின்னால் உருண்டது. இன்னொரு முறை. மூன்றாவது முறை மாமா சீட்டைப் பிடித்துக்கொண்டார். அவர் பிடித்தபோது ஏறிவிட்டேன், பத்தடி போனேன். அவர் கையை எடுத்ததும் சாய்ந்தேன். எங்கள் மலைச் சாலையில் நடைபாதை கிடையாது. படிக்கட்டு கிடையாது. எதிரே பேருந்து வந்தால், மாடு வந்தால், மூச்சு முட்டினால், நின்றுதான் ஆக வேண்டும். ஒரு பக்கம் பள்ளம். சீட்டைப் பிடிக்கச் சேகர் மாமா அங்கே இல்லை.

பாலத்தின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். அழுதேன் என்று எழுத வெட்கம் இல்லை. எடை சரி, விலை சரி, கியர் சரி, டயர் சரி. சரியில்லாதது நான் ஒருத்திதான். அதை எந்தத் தராசிலும் மாட்டிச் சரி பண்ண முடியாது.

மாமா பக்கத்தில் வந்து நின்றார்.

“இரும்பா இருந்தா சனிக்கிழமைனு சொல்லிடலாம்” என்றார். “ராகு காலமும் இல்ல, எமகண்டமும் இன்னும் வரல. இதுக்கு என்னான்னு சொல்றது செல்வி?”

நான் எழுந்து சைக்கிளை ஓரமாக உருட்டிக்கொண்டு பாலத்திலிருந்து இறங்கத் தொடங்கினேன்.

மதியம் 2.00. பாஸ்கர் கடை. சந்து முனையிலேயே மாமா நிற்கச் சொன்னார். பூஜை போட்ட வண்டியைப் பொட்டோடு திருப்பிக் கொடுப்பது அவருக்கு மனசாகவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து, தண்ணீர் பாட்டிலில் நனைத்து, ஒவ்வொரு பொட்டாகத் துடைத்தார். சக்கரத்தில், ஹேண்டிலில், மணியில். மல்லிகைச் சரத்தை அவிழ்த்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். துண்டு முழுக்கக் குங்குமமாகிவிட்டது.

பாஸ்கர் என் முழங்கையைப் பார்த்தார். பஞ்சும் டெட்டாலும் எடுத்து வந்து கொடுத்தார்.

“இது ஆறடி ஆளுக்கான ஃப்ரேமுங்க மேடம். காலையிலயே சொல்லலாம்னுதான் பாத்தேன். நீங்க தராசுல தூக்கிப் பாத்துட்டு அப்டி சிரிச்சீங்க. சொல்ல மனசு வரல.”

“என் உயரத்துக்கு இதே மாதிரி கிடைக்காதா?”

“கெடைக்கும். சின்ன சைஸு, அலுமினியம், கியரு. புதுசுதான், பழசுல வராது. மெட்ராஸ்ல சொல்லி வச்சா ரெண்டு வாரம். இருபத்தாறு, இருபத்தேழாயிரம் ஆவும்.” என் முகத்தைப் பார்த்துவிட்டு, “ஜாஸ்திதான்” என்று அவரே சேர்த்துக்கொண்டார்.

இரண்டு வாரம். அதுவரை காத்திருக்கத் திங்கட்கிழமைக்குத் தெரியாது. கணவருக்குப் போன் பண்ணினேன். “தீபாவளிக்கு போனஸ் வரும், அப்ப பாக்கலாமே” என்றார். அவர்மேல் தப்பில்லை. மகளுக்கு ட்யூஷன், ஓசூரில் அவர் இருக்கும் அறைக்கு வாடகை, எல்லாம் எனக்கும் தெரியும். அக்கா வீட்டில் போய்ச் சோறு சாப்பிட்டேன். என்ன குழம்பு என்று ஞாபகம் இல்லை. மாமா தன் பங்குக்கு ஐயாயிரம் தருகிறேன் என்றார். அவருடைய சம்பளம் எனக்குத் தெரியும் என்பதால் காதில் விழாதது போல எழுந்து கை கழுவப் போனேன்.

மாலை 4.15. ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கடைசி இருக்கைக்குப் பின்னால் சைக்கிள் சாய்த்து வைக்கும் இடம் காலியாக இருந்தது. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நினைத்தும் இரண்டு முறை பார்த்தேன். காலையில் வந்த அதே நடத்துநர்தான்.

“சைக்கிளு எங்க டீச்சர்?”

“அமையலங்க.”

அவர் டிக்கெட்டை மட்டும் கிழித்துக் கொடுத்தார்.

பேருந்து போளூர் சாலையில் திரும்பியும் மலை பின்னாலேயே வந்தது. அந்த ஊரில் எல்லோரும் மலையைச் சுற்றித்தான் போகிறார்கள். லட்சம் பேர் சுற்றலாம், கிழவரும் குழந்தையும் சுற்றலாம், சாலை சமமாகவே இருக்கும். சுற்றி வந்தால் புறப்பட்ட இடமே வந்துவிடும். எங்கள் மலையில் அப்படிச் சுற்றிப்போக வழி இல்லை. அந்தப் பக்கம் போக வேண்டுமானால் ஏறி இறங்கியாக வேண்டும். திருவண்ணாமலைக்காரர்களைப் பார்த்து வாழ்க்கையில் முதல்முறையாகப் பொறாமைப்பட்டேன். இது நியாயமில்லாத பொறாமை என்று தெரியும். அன்றைக்கு எனக்கு நியாயம் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

இரவு ஏழரைக்கு ஜமுனாமரத்தூர். முனுசாமி கடையை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். தராசைக் கொடுத்தேன்.

“எவ்ளோ காட்டுச்சு டீச்சர்?”

“பன்னெண்டு கிலோ நூறு கிராம்.”

“அடேயப்பா, ஒரு மூட்டைப் புளியில கால்வாசிகூட இல்லையே. எங்க, வண்டியக் காட்டுங்க.”

நாளைக்குச் சொல்கிறேன் என்று நடந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மகள் துணி துவைக்கப் போயிருந்தபோது கடிதத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டேன். முழங்கை வலித்ததில் எழுத்து கொஞ்சம் கோணியது.

திங்கட்கிழமை. ஏழேகாலுக்கு நடக்கத் தொடங்கினேன். நீள ஏற்றம், பிறகு குட்டை ஏற்றம். பலா மரத்தடியில் வழக்கம்போல இரண்டு நிமிடம் நின்றேன். பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஒன்பது மணி.

பிள்ளைகள் யாரும் வகுப்பில் இல்லை. பள்ளிக்குப் பக்கவாட்டில் கூட்டமாக நின்றார்கள். அங்கே நான்கு மூங்கில் நட்டு, மேலே புல் வேய்ந்து, ஆள் உயரத்தில் ஒரு பந்தல் போட்டிருந்தது. கீழே தரையைத் தட்டிச் சாணம் மெழுகி, சக்கரம் நிற்பதற்கு இரண்டு வரிசையாகக் கல் பதித்திருந்தார்கள். மூன்றாம் வகுப்பு வள்ளி முன்னால் ஓடி வந்தாள்.

“டீச்சர், நேத்தே போட்டுட்டோம். மூங்கிலு எங்கப்பா வெட்டிக் குடுத்தாரு. மழை பேஞ்சாலும் நனையாது.” அவள் என் பின்னால் எட்டிப் பார்த்தாள். “சைக்கிள் எங்க டீச்சர்?”

“பின்னாடி வருது” என்றேன்.

முப்பத்தோரு பேரும் சாலைப் பக்கம் திரும்பிவிட்டார்கள். நான் அவர்களைத் தாண்டிப் போய், நிர்வாகிக்கு அனுப்பச் சொல்லித் தலைமை ஆசிரியர் மேசையில் கடிதத்தை வைத்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிக்க ஆரம்பித்தார். மறுபடி மணி அடித்தும் இரண்டு பேர் மட்டும் உள்ளே வரவில்லை. ஏற்றத்தில் ஏறிவரும் சைக்கிளை முதலில் யார் பார்ப்பது என்று பந்தல் ஓரமாக நின்றுகொண்டிருந்தார்கள்.